பின்வரிசைக்குப் பெயர் இல்லை

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் முகப்பில் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில் என்று நான்கிற்கும் பெயர் உண்டு. அவற்றைச் செய்தவர் இத்தாலியச் சிற்பி ஆஞ்சலோ வன்னெட்டி என்பதும் தெரியும். நிலையம் 1932 மே மாதம் திறந்தது, 2011 ஜூன் 30 இரவு கடைசி ரயிலை மலேசியாவின் ஜோகூர் மாநிலச் சுல்தானே ஓட்டிப்போனது, அதே ஆண்டில் கட்டடம் தேசிய நினைவுச் சின்னமானது, எல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ஜல்லியை இறுக்கியவர், ஸ்லீப்பர் கட்டையைத் தோளில் சுமந்தவர், கையில் சுத்தியலோடு தண்டவாளத்தை நடந்தே பார்த்து வந்தவர் என யாருடைய பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. அந்தப் பெயர்கள் மிஞ்சியிருப்பது பேரப்பிள்ளைகளின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அலமாரியில்தான். அங்கேயும் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டு வருகின்றன.

ரயில்வே குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு படம் இருக்கும். கெட்டி அட்டையில் ஒட்டிய, முழங்கை நீளக் கறுப்பு வெள்ளைக் குழுப்படம். நடுநாற்காலியில் மாலையோடு ஒரு வெள்ளைக்கார அதிகாரி, ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்புகிறவர். அவருக்கு இரு பக்கமும் கோட்டும் டையுமாகக் கிராணிமார் என்ற எழுத்தர்கள், அவர்களில் யாழ்ப்பாணத்தார் நிறைய. பின்னால் இரண்டு வரிசை நிற்கும். முன்னால் ஒரு வரிசை தரையில் சம்மணம் போட்டிருக்கும், காலில் செருப்பிருக்காது. அட்டையின் அடியில், நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக அச்சாகியிருக்கும். நிற்பவர்களுக்கும் தரையில் இருப்பவர்களுக்கும் அச்சில் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். நம் தாத்தாக்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ரயில் மரபு என்ற பேச்சு வரும்போதெல்லாம் 2011 ஜூலைக்குத்தான் நினைவு திரும்புகிறது. ஜூலை முதல் தேதி, மலேசியாவிலிருந்து வரும் ரயில் எல்லையோர உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது. அன்றிலிருந்து 17ஆம் தேதி வரை பாதை முழுவதும் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்டார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கேமராவோடு, குடையோடு ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். புக்கிட் தீமாவின் இரண்டு இரும்புப் பாலங்களும் அந்தப் பதினேழு நாளில் படமெடுக்கப்பட்ட அளவுக்கு அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்டிருக்காது. பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். அந்த நடையில் பிறந்த பாசத்தால்தான் 24 கிலோமீட்டர் பாதை இன்று மரத்தடி நடைபாதையாக மிஞ்சியிருக்கிறது, புக்கிட் தீமா நிலையம் 2022இல் மறுபடி திறந்திருக்கிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ரயில் மரபு என்றால் பாலமும் தண்டவாளமும் என்று நம் மனதில் பதிந்ததும் அந்த நாட்களில்தான். ரயில்வே ஊழியர் குடியிருப்பான குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள் அதற்குள் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சிலர் மாற்றலாகி ஜோகூர் பாருவுக்கு, சிலர் பிள்ளைகளின் புளோக் வீடுகளுக்கு.

குவார்ட்டர்ஸ் காலியானதில் அக்கம்பக்கமும் கலைந்துபோனது. இதை நாம் கவனிக்கவே இல்லை. படத்தில் இருக்கும் தாத்தாவைப் பேரனுக்குத் தெரியும். தாத்தாவின் தோளில் கை போட்டு நிற்பவர் யாரென்று சொல்ல அடுத்த வீட்டுப் பாட்டி வேண்டும். அந்தப் பாட்டியும் இவர்களும் சுவருக்குச் சுவர் இருந்தவரை கேட்க அவசரமில்லை, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். 2011க்குப் பிறகு அவர் ஜோகூரின் குளுவாங்கிலோ சிங்கப்பூரின் ஈசூனிலோ, யாருடைய மகள் வீட்டிலோ இருக்கிறார். ஒரு குடும்பத்தின் நினைவில் பாதி பக்கத்து வீட்டில்தான் இருந்தது.

பெயர் முதலில், ஸ்கேன் அப்புறம்

குடும்ப நினைவுகளைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவெடுத்தவுடன் எல்லோரும் செய்யும் முதல் வேலை ஸ்கேனர் வாங்குவது. இரண்டு வார இறுதியில் முந்நூறு படம் ஏறிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் கருவி கொடுத்த எண்தான் பெயர். அதோடு திருப்தி வந்துவிடும், பிறகு யாரும் அந்தக் கோப்பகத்தைத் திறப்பதில்லை. உலர்ந்த இடத்தில் வைத்த படம் இன்னும் இருபது வருடம் காத்திருக்கும். எண்பத்தாறு வயதுக்காரர் காத்திருக்க மாட்டார். ஆகவே முதல் மாதம் ஸ்கேனரைத் தொடவே வேண்டாம் என்பேன்.

குழுப்படத்தைக் கைப்பேசியில் நேராக ஒரு படம் எடுங்கள். அச்சுக்கடையில் ஏ3 அளவில், பெரிய படமானால் இடப்பாதி வலப்பாதி என்று இரண்டு தாளாக, எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணில் புரை இருப்பவர்களுக்கு முகம் குறைந்தது கட்டைவிரல் நகம் அளவாவது தெரிய வேண்டும். டேப்லட்டில் பெரிதாக்கிக் காட்டலாமே என்று தோன்றும். விரல் பட்டதும் படம் நழுவி வேறு எங்கோ போய்விடும், பெரியவர் சலித்துப்போய் வைத்துவிடுவார். தாள்தான் நல்லது. அதன்மேல் டிரேசிங் தாளை வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, பின்வரிசை இடக்கோடியிலிருந்து எண் போடுங்கள். அந்தக் கோட்டுத் தாளை நான்கைந்து நகல் எடுங்கள். ஒருவருக்கு ஒரு நகல்.

எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேட்பது பெரிய தவறு. குரல் ஓங்கியவர் "இது மாரிமுத்துல்ல" என்பார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அத்தோடு அந்த முகம் மாரிமுத்துவாகிவிடும். தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் மட்டும் சொன்ன பெயரைப் பென்சிலில் எழுதுங்கள். ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாத இருவர் அதையே சொன்னால் மையில் எழுதலாம். யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதும் அதே தாளில் வேண்டும். பட்டப்பெயர் சொன்னால் அதைத் திருத்தி நல்ல பெயர் ஆக்க வேண்டாம். கேட்டுக்கார முனியாண்டி, கொடிக்கார அண்ணன், மண்டோர் (மேஸ்திரி) அப்பா என்பதில் அவர் பார்த்த வேலையும் சேர்ந்தே இருக்கிறது. ஆவணத்தில் தேடும்போது அந்த வேலைதான் கைகொடுக்கும்.

பேச்சைப் பதிவு செய்ய விலையுயர்ந்த கருவி வேண்டாம். பசியாறிய பிறகு, காலை பத்து மணி வாக்கில், ஒரு மணி நேரம், மிஞ்சினால் எழுபத்தைந்து நிமிடம். அதற்குமேல் குரல் தளர்ந்துவிடும். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். துண்டு இல்லாவிட்டால் மேசையில் தட்டும் ஒவ்வொரு விரலும் இடிபோலக் கேட்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். நேரே வீசும் விசிறிக் காற்று பதிவில் புயலாகிவிடும், பின்னால் எந்தச் செயலியாலும் அதை முழுதாக எடுக்க முடியாது. வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 500 மெகாபைட் ஆகும், அது இன்றைக்கு ஒரு பொருட்டே இல்லை. முதல் நிமிடத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் அவருக்கு என்ன உறவு என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரலுக்குள் அது இருக்கும்.

எந்த வருஷம் என்று கேட்டால் "ஞாபகமில்லப்பா" என்பதோடு கதவு சாத்திக்கொள்ளும். ஜப்பான்காரன் வந்தபோது உங்கள் அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா, ராஜுலா கப்பலில் வந்தீர்களா, சிதம்பரம் கப்பலிலா என்று கேட்டால் தானாக வருஷம் வரும். ராஜுலா 1973 வரை ஓடியது, சிதம்பரம் 1985 தீ விபத்தோடு நின்றது. இந்த இரண்டு பெயரே ஒரு தலைமுறையைப் பிரித்துக் காட்டிவிடும். விடியற்காலை ரயில் போகும்போது வீட்டில் எது முதலில் அதிரும் என்று கேளுங்கள். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து குவார்ட்டர்ஸை வரையச் சொல்லுங்கள்: குழாய் எங்கே, கழிவறை எங்கே, முனீஸ்வரர் எங்கே, யார் வீட்டு வாசலில் முருங்கை. கை வரையும்போது வாய் தானாகப் பேசும்.

கை செய்த வேலையைக் கையால் செய்து காட்டச் சொல்ல வேண்டும். புக்கிட் தீமாவில் கடைசிவரை இருந்த டோக்கன் முறையை எடுத்துக்கொள்வோம். ஒற்றைத் தண்டவாளம். அடுத்த பகுதிக்கான டோக்கன் கையில் இல்லாமல் ஓட்டுநர் ரயிலை நகர்த்த முடியாது. டோக்கன் ஒரு பையில், பை ஒரு பெரிய வளையத்தில். நிலைய ஊழியர் வளையத்தைத் தூக்கிப்பிடித்து நிற்பார், ஓடும் ரயிலிலிருந்து நீளும் கை அதை வாங்கிக்கொண்டு பழையதை விட்டெறியும். இதைச் சொல்லில் கேட்டால் இரண்டு வரி கிடைக்கும். ஒரு பிரம்பு வளையத்தைக் கையில் கொடுத்து எழுந்து நிற்கச் சொல்லி வீடியோ எடுத்தால், எந்தக் காலை முன்வைத்தார், எந்த நொடியில் பிடியைத் தளர்த்தினார், மழையில் அதே கை எப்படி வேறு மாதிரி நின்றது என்பதெல்லாம் வரும். ஜல்லி இறுக்கும் கடப்பாரைக்கும், அதோடு சேர்ந்த பாட்டுக்கும் இதேதான்.

சில வீடுகளில் பேச்சு ஓரிடத்தில் நின்றுவிடும். "சயாமுக்குப் போனாரு, வரல." சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943இல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்கு மலாயாவிலிருந்து கூட்டிப்போன தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். தண்டவாளத்தால் சோறு தின்ற குடும்பத்திலிருந்து அதே தண்டவாள வேலைக்கென்று ஆளைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றால் அந்த மௌனத்தின் கனம் புரியும். அப்போது அடுத்த கேள்விக்குப் பாயாதீர்கள். பதிவை நிறுத்தாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மனசு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாம். சேதி கொண்டுவந்தது யார், அதற்குப் பிறகு வீட்டுக்கு அரிசி யார் வாங்கிப் போட்டார்கள் என்று கேட்டால், சொல்ல முடிந்ததைச் சொல்வார்கள்.

எழுத்தில் பெயர்க்கும்போது பேச்சுத்தமிழைச் செந்தமிழாக்காதீர்கள். கம்பம், மண்டோர், கிராணி, பசியாறிட்டீங்களா எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஒரு மணி நேரப் பேச்சை முழுதாக எழுத ஆறேழு மணி நேரம் பிடிக்கும். மலாய் கலந்த நம் ஊர்த் தமிழில் தானியங்கிச் செயலிகள் இன்னும் தடுமாறுகின்றன. முழுதாக எழுத நேரமில்லையென்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி என்று குறிப்பாவது எழுதி வையுங்கள். குறிப்பில்லாத பதிவை யாரும் கேட்பதில்லை.

மொய் நோட்டும் பின்கோடும்

பின்வரிசைப் பெயர்கள் அலுவலகக் காகிதத்தில் குறைவு. வேறு காகிதங்களில் கொட்டிக்கிடக்கின்றன. எனக்குத் தெரிந்து அதில் முதலிடம் மொய் நோட்டுக்கு. நீளவாக்கில் கோடு போட்ட கணக்கு நோட்டு, முதல் பக்கத்தில் மஞ்சள் தடவிய பிள்ளையார் சுழி, பிறகு வரிசையாகப் பெயர், ஊர், எத்தனை வெள்ளி (டாலர்) என்ற கணக்கு. ரயில்வே கல்யாணமென்றால் ஊர்ப் பத்தியில் குளுவாங், கிம்மாஸ், சிகாமட், செந்தூல் என்று ரயில் போன வழியெல்லாம் நிற்கும். யார் யாரோடு வேலை செய்தார், யார் மாற்றலாகி எங்கே போனார் என்பதற்கு இதைவிட நேர்மையான பதிவு கிடையாது, ஏனென்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அது, தப்பாக எழுத மாட்டார்கள். காலிப் பக்கம் உட்பட எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள். ஈரத்துணியால் துடைக்க வேண்டாம், பழைய மைப்பேனா எழுத்து ஊதாவாகப் பரவிவிடும். துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுத்தால் தாளும் சேர்ந்து கிழியும். தாளுக்கும் பின்னுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக் கம்பியை மெல்ல நிமிர்த்துங்கள்.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, சிங்கப்பூர் நாளிதழ் தமிழ் முரசில் வந்த இரங்கல் அறிவிப்பு, கோயில் கும்பாபிஷேக மலர். இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் 1932இல் குவீன்ஸ்டவுன் பக்கத்து ரயில்வே தொழிலாளர்கள் போட்ட சிறு கொட்டகையிலிருந்து வளர்ந்தது. இப்படிப்பட்ட கோயில்களின் மலர்களைப் படிக்கும்போது வாழ்த்துரைகளைத் தாண்டி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நன்கொடையாளர் பட்டியலுக்குப் போங்கள்.

கடிதங்களில் பெரிய இழப்பைச் செய்தவர்கள் தபால்தலை சேர்த்த பிள்ளைகள். தபால்தலையை வெட்டியெடுத்தபோது முத்திரையும் தேதியும் சேர்ந்து போயின. முகவரியை வைத்துக் காலம் கணிக்கலாம். இந்திய முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. சிங்கப்பூர் முகவரியில் இரண்டு இலக்கம் 1950 முதல், நான்கு இலக்கம் 1979 முதல், ஆறு இலக்கம் 1995 முதல். சீருடைப் பொத்தானும் பேசும்: எஃப்.எம்.எஸ்.ஆர். என்றிருந்தால் போருக்கு முந்திய கூட்டு மலாய் மாநில ரயில்வே, எம்.ஆர். என்றால் போருக்குப் பிந்திய மலாயன் ரயில்வே, அதற்கும் பிறகு கே.டி.எம். ஜாதகக் குறிப்பில் "ஆங்கீரச வருஷம் சித்திரை" என்றிருந்தால் 1932 ஏப்ரல், மே. தஞ்சோங் பகார் நிலையம் திறந்த அதே மாதம் பிறந்த பிள்ளை. ஆண்டுப்பெயர் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பும், ஆகவே தாத்தாவா பேரனா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள்.

பூர்வீக ஊரைத் தேடிப் போகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஜில்லா. கடிதத்தில் ராமநாதபுரம் ஜில்லா என்றிருக்கும், ஊர் 1985 முதல் சிவகங்கையிலோ விருதுநகரிலோ இருக்கும். பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர் இன்று நாகப்பட்டினத்தார், திருவாரூரார், புதுக்கோட்டையார் என யாராகவும் இருக்கலாம். தென்னாற்காடு 1993இல் இரண்டாகப் பிரிந்தது, பிறகு அந்தப் பெயரே போய்விட்டது. கடிதத்தில் இருப்பதை அப்படியே எழுதி, இன்றைய மாவட்டத்தைக் கீழே தனி வரியில் போடுங்கள். ஒன்றை அழித்து மற்றதை எழுதக்கூடாது.

பெயரின் ஆங்கில எழுத்து இன்னொரு குழி. முத்துசாமியை ஒரு கிராணி 'யு' போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் இரண்டு 'ஓ' போட்டு. 'டி' ஒன்றா இரண்டா, முடிவில் 'ஒய்'யா 'ஐ'யா என்பதெல்லாம் அன்றைக்கு மேசையில் இருந்தவரின் விருப்பம். ஒரே ஆள் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் சம்பளச் சீட்டில் வேறு விதமாகவும் இருப்பார். மகன் என்பதைக் குறிக்க இக்கரையில் எஸ்.ஓ. (சன் ஆஃப்), மலேசிய அக்கரையில் ஏ.எல். (அனாக் லெலாகி) போட்டிருப்பார்கள். தேசிய ஆவணக் காப்பகத்திலோ தேசிய நூலகத்தின் நாளிதழ்த் தொகுப்பிலோ தேடப் போகுமுன் ஒரு பெயருக்கு எட்டுப் பத்து எழுத்து வடிவங்களை எழுதிக்கொண்டு போங்கள், தகப்பனார் பெயருக்கும் அப்படியே. ரயில்வேயின் தலைமையகம் கோலாலம்பூரில் இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் வேலை செய்தவரின் காகிதம் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கலாம்.

கண்ணாடியோடு ஒட்டிப்போன படம்

பூசைமேடைப் பக்கத்துச் சுவரில் தாத்தாவின் படம். கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், மேலே சின்னச் சிவப்பு விளக்கு, வெள்ளிக்கிழமை மல்லிகை மாலை. மரியாதையில் குறையே இல்லை. ஆனால் படம் கெடுவது இதனால்தான். இரவும் பகலும் எரியும் விளக்கு சாயத்தை வெளுக்க வைக்கும். ஈர மாலையிலிருந்து கசியும் நீர் சட்டத்தின் மேல்விளிம்பு வழியே உள்ளே இறங்கும், வெளியேற வழி இருக்காது. பழைய சட்டங்களில் படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி விடும் அட்டை வைப்பதில்லை. படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின், ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். சாய்த்துப் பார்த்தால் நனைந்த திட்டுபோல மினுங்கும் இடமெல்லாம் ஒட்டிய இடம்.

அதைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்தால் கழன்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். சிலவகைக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு, பயிற்சி பெற்ற கையில், அது சரி. ஸ்டூடியோவில் கன்னத்துக்கும் பட்டுக்கரைக்கும் கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் சாயம் கரைந்து ஓடிவிடும். பின்னட்டையை மட்டும் எடுத்துவிட்டு, கண்ணாடியின் வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் துடைத்து, கண்ணாடியோடு சேர்த்தே நகலெடுங்கள். மெல்லிய, எடை குறைந்த ஸ்கேனர்கள் இதற்கு உதவாது. அவற்றின் உணரி தன் கண்ணாடியை ஒட்டி இருப்பதை மட்டுமே கூர்மையாகப் பார்க்கும், இரண்டு மில்லிமீட்டர் விலகினாலே மங்கிவிடும். சிசிடி (CCD) உணரி உள்ள தடித்த ஸ்கேனரில் அந்த ஆழம் கிடைக்கும். கேமராவில் எடுப்பதானால் இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு, கேமராவைச் சுற்றிக் கறுப்புத்துணி. இல்லாவிட்டால் எடுப்பவரின் முகமே கண்ணாடியில் விழும். அசலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நகலைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். நகலுக்குப் போடும் மாலையும் தாத்தாவுக்குத்தான் போய்ச் சேரும்.

எழுபது, எண்பதுகளில் எல்லார் வீட்டிலும் வாங்கிய பசை ஆல்பம் அடுத்த எதிரி. பிளாஸ்டிக் உறையை உரித்துப் படத்தை ஒட்டுவோமே, அதுதான். பசை மஞ்சள் கோடுகளாகப் படத்துக்குள் ஏறுகிறது. எதையும் கழற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் முழுதாகப் படமெடுத்துவிடுங்கள், எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது என்பதும் ஒரு சேதி. பிறகு மெழுகு பூசாத பல் நூலை மூலைக்கு அடியில் விட்டு, ரம்பம்போல மெல்ல இழுங்கள். நகரவில்லையா, விட்டுவிடுங்கள், பக்கத்தோடு ஸ்கேன் செய்யலாம்.

படத்தின் பின்னால் பந்துமுனைப் பேனாவால் எழுதினால் அழுத்தம் முகத்தில் தெரியும். பழைய தாள் படங்களில் மென்மையான பென்சில் போதும். எழுபதுகளுக்குப் பிந்தியவை பிளாஸ்டிக் பூச்சு, பென்சில் பிடிக்காது, மை காயாமல் அடுத்த படத்தில் ஒட்டும். அவற்றுக்குக் காகித உறையில் முதலில் எழுதி, அதற்குப் பிறகு படத்தை உள்ளே நுழையுங்கள்.

நம் ஊரில் ஈரப்பதம் விடியற்காலையில் 90 விழுக்காட்டைத் தொடும். 65ஐத் தாண்டினாலே படத்தில் பூஞ்சை கிளம்பும். இருபது லிட்டர் கொள்ளும் இறுக்கமான மூடிப் பெட்டி, அதில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு ஈரப்பதமானி. எண் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். 30க்குக் கீழே இறங்கினால் மேற்பூச்சு வெடித்துச் சுருளும். பத்திரமான இடம் என்று பாம் ஷெல்ட்டரில், அதாவது வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில், வைக்கிறார்கள். தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு, காற்றோட்டம் குறைவு, பூஞ்சைக்கு அதைவிடத் தோதான அறை வீட்டில் கிடையாது. சமையலறைச் சுவர், குளியலறைச் சுவர், பூசைமேடையின் கீழ்த்தட்டு இவையும் வேண்டாம். படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு போதும்.

இப்போது ஸ்கேனர். சாதாரணப் படத்துக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200, நெகடிவுக்கு 2400க்குக் குறையாமல். கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே எடுங்கள், கறை எது மை எது என்று பின்னால் பிரித்தறிய முடியும். தானாக மெருகேற்றும் வசதிகளை அணைத்துவிடுங்கள். பின்பக்கத்தையும் எடுங்கள். டிஃப் கோப்பாகச் சேமித்தால் நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்று சுமார் 26 மெகாபைட், முந்நூறு படமும் 8 கிகாபைட்டுக்குள் அடங்கும். மூன்று பிரதி வேண்டும், ஒன்று வேறு வீட்டில். ஜோகூர் பாருவில் சித்தப்பா இருந்தால் அவர் வீட்டிலேயே ஒன்றை வையுங்கள், அந்தக் குடும்பத்துக்கும் அது சொந்தம்தானே. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும். தொண்ணூறுகளில் தமிழில் தட்டச்சு செய்து வைத்த குடும்ப வரலாறு ஏதாவது இருந்தால் இன்றே திறந்து பாருங்கள். யுனிகோடுக்கு முந்திய எழுத்துரு என்றால் புரியாத குறிகளாகத் தெரியும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்தால் மாற்றியில் போட்டு மீட்கலாம்.

ஒலிநாடாக் கடிதங்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. நாடாவில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் இயக்கியில் போடாதீர்கள், பூஞ்சை அதில் ஏறி அடுத்த நாடாவுக்கும் பரவும். பொடி இல்லையென்றால் முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, ஒரே தடவையில் பதிந்து எடுத்துவிடுங்கள். நாடாவின் நடுவே இருக்கும் சின்னப் பஞ்சு விழுந்திருந்தால் ஒலி மங்கும். அதை வேறு நாடாவிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்துக்கோ கொடுக்க நினைத்தால் பெயர் தெரிந்த இருபது படத்தோடு போங்கள், பெயரில்லாத முந்நூறோடு போகாதீர்கள். மொய் நோட்டிலும் கடிதத்திலும் சாதிப் பெயர் இருக்கும், சில காகிதங்களில் உயிரோடு இருப்பவரின் அடையாள அட்டை எண் இருக்கும். அசலில் எதையும் அழிக்க வேண்டாம். வெளியே போகும் நகலில் எதை மறைப்பது என்று வீட்டில் கூடிப் பேசி முடிவெடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகும் டிரேசிங் தாளில் சில தலைகள் காலியாகவே நிற்கும். அந்த இடத்தை வெற்றாக விடாதீர்கள். கேட்ட எல்லோரும் என்ன சொன்னார்களோ அதை எழுதுங்கள். "14: பெயர் தெரியவில்லை. தவில் அடிப்பார் என்று ஒருவர். கிம்மாஸிலிருந்து வந்தவர் என்று இன்னொருவர்." தாளை மடிக்காமல் படத்தின் உறைக்குள் வையுங்கள், பக்கத்தில் ஒரு பென்சிலும் இருக்கட்டும்.